நிட்டிங் சைகையில் எண்ணிய பூனைப் பருந்துகள்

எனக்கு மெதுவாகப் பேச வராது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் நடந்ததெல்லாம் புரியும். நான் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி, "கூப்பிட்டீங்ளா அக்கா?" என்று எட்டிப் பார்ப்பாள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்று நின்று தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். காரணம் அதுவல்ல. காரணம் எங்கள் வீட்டுக்காரர்.

அவர் திருப்பூரில் நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். ஆள் உயரத்துக்கு வட்டமாக நின்று, நூலை இழுத்துத் துணியாகச் சுற்றித் தள்ளும் மெஷின்கள். ஒரே ஷெட்டுக்குள் அத்தனையும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். கல்யாணமான புதிதில், காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். "நான் பஞ்சுக்குள்ளயேதான புள்ள நிக்கறேன்" என்று சிரித்தார். சிரிப்பு இன்னும் இருக்கிறது, காதுதான் போய்விட்டது. காது மெஷினும் வாங்கிப் பார்த்தோம். அதைப் போட்டால் மிக்ஸி கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது, நான் பேசுவது மட்டும் கேட்கவில்லை. பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

காது போனதில் சிரமம் என்னவென்றால், ஆள் வெளியே போவதையே விட்டுவிட்டார். ஒரு எழவு வீட்டில் யாரோ கிட்டே வந்து, எப்படிச் சாவு நேர்ந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் வழக்கம்போல எதையோ சொல்கிறார்கள் என்று சிரித்துத் தலையாட்டிவிட்டார். செத்தவரின் மகன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். அதற்கப்புறம் கல்யாணம், காது குத்து, கோயில் விசேஷம் எதற்கும் வருவதில்லை. "நீ போயிட்டு வா" என்பார். நான் தனியாகப் போய்த் தனியாகச் சாப்பிட்டு வருவேன். 

ஆனால் மொட்டை மாடிக்கு மட்டும் போவார். கம்பெனி மாடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே சுற்றுகிற கரும்பருந்துகளையும் கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகளையும் பார்ப்பார். பறவை யாரிடமும் கேள்வி கேட்பதில்லையே. ஒரு தீபாவளிக்குப் பைனாகுலர் வாங்கினார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அடுத்த வாரம் அதை அவர் கையிலிருந்து வாங்கி நானே பார்க்க ஆரம்பித்தேன். பஞ்சுருட்டானின் கழுத்து நிறத்தை முதன்முதலாகப் பெரிதாகப் பார்த்தபோது, இந்தப் பச்சையை எந்தச் சாயப்பட்டறையில் போட்டார்கள் என்றுதான் கேட்கத் தோன்றியது.

இப்படியிருக்க, எங்கள் கம்பெனிக்குச் சரக்குப் பார்க்க வரும் மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி, ஒவ்வொரு குளிர்காலமும் ஊர் ஊராகப் போய்ப் பறவை எண்ணும் தன்னார்வக் குழுவை நடத்துகிறாள் என்று தெரிந்தது. முப்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான பிள்ளை. நான் விடுவேனா? எங்கள் வீட்டுக்காரர் மாதிரிப் பறவை பார்க்க இந்தத் திருப்பூரிலேயே ஆள் இல்லை என்று அளந்துவிட்டேன். அவளும் சந்தோஷமாக, "ரெண்டு பேருமே வாங்க்கா" என்றாள். அப்புறம்தான் காது விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க்கா. பாதிப் பறவைய சத்தத்த வெச்சுத்தான் கண்டுபிடிப்போம். அண்ணாவுக்குக் கஷ்டமா இருக்குமே?"

"கண்ணு நாலு பேருக்கு இருக்கறது அவருக்கு ஒருத்தருக்கே இருக்குது கண்ணு. ஒரு நாள் கூட்டிட்டுப் போய்ப் பாரு."

"சரிங்க்கா. ஒரு நாள் பாப்போம். செட் ஆகலைன்னா அண்ணா வண்டியில இருந்துக்கட்டும்."

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அவர் என் உதட்டைப் படிக்கிறவர், முகத்தையும் படிப்பார். "என்னைய சோதிக்கறாங்க, அப்படித்தான?" என்றார். ஆமாம் என்றேன். அவர் அன்று இரவே பைனாகுலர் கண்ணாடியைப் பனியன் துணியால் துடைக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், இந்த மனிதர் மொட்டை மாடிக்கும் போகமாட்டார்.

எண்ணும் நாள் விடிகாலையில் கிளம்பினோம். அவள், நாங்கள் இருவர், வேன் ஓட்டும் தம்பி. அவன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே டெய்லராக இருக்கிறவன், லீவு நாளில் வேன் ஓட்டுவான். பேச்சை நிறுத்தத் தெரியாதவன். எங்கள் கூட்டத்தில் அமைதி எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கத்துக் குளம். தண்ணீர் முழுக்க வாத்துகள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஓரத்தில் கறுப்பாக நாமக்கோழிகள். பனி இன்னும் விலகவில்லை. அந்தப் பெண் கரையில் குனிந்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்காரர் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடக்கே பார்த்தேன். வரித்தலை வாத்துகள்! தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு, மலையெல்லாம் தாண்டி வருகிற பெரிய வாத்துகள். அவர் ஒரு வருஷமாகப் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தவை. அவர் கண் பைனாகுலரில் இருந்தது, என் உதட்டைப் பார்க்க வழியில்லை. இருபத்தைந்து வருஷப் பழக்கம் என்னை மீறிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க! வடக்கால பாருங்க!"

அடக் கெரகமே! குளமே எழுந்தது. அத்தனை வாத்தும் ஒரே மூச்சில் மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கே பறந்து போய்விட்டது. நாமக்கோழிகள் மட்டும் தண்ணீர்மேல் ஓடி நாணலுக்குள் ஒளிந்துகொண்டன. வெறும் தண்ணீர்தான் மிச்சம்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். "எக்கா, நீங்க மைக்கை முழுங்கிட்டா பொறந்தீய?" என்று வேன் தம்பிதான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்ததில் கால்வாசி வாத்துகள் திரும்பி வந்தன. அவள் எண்ணி முடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அக்கா, சாயங்காலம் காங்கேயம் காட்டுல மட்டும் நீங்களும் அண்ணாவும் வண்டியிலயே இருந்துக்குங்க. அங்க சின்னச் சத்தம் கேட்டாலும் பருந்து மொத்தமும் போயிரும். போன தடவை அங்க எண்ணவே முடியல."

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் புரிந்துவிட்டது. பைனாகுலரைக் கழற்றி உறைக்குள் வைத்தார். தப்பு என்னுடையது, தண்டனை அவருக்கு! எனக்கு அந்தக் குளத்திலேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

அடுத்தது ஊருக்குள் எண்ண வேண்டிய இடம். அவள் எழுதி வைத்திருந்தது நெருப்பெரிச்சல் சந்துகள். எங்கள் சொந்த இடம். லீவு நாளாக இருந்தாலும் ஆர்டர் அவசரத்தில் பாதி நிட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு ஷெட், அந்தப் பக்கம் ஒரு ஷெட், நடுவில் சந்து. எக்சாஸ்ட் ஃபேன் தள்ளுகிற பஞ்சுத் தூசியைக் கூட்டுக்குக் கொத்திக்கொண்டு போகிற சிட்டுக்குருவிகள், சாக்கடை ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு வாலாட்டி. மேலே கம்பிகளில் தகைவிலான்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன.

கம்பி இரண்டு பக்கமும் போனதால், அவளும் நானும் இந்தக் கோடியில், அவரும் தம்பியும் அந்தக் கோடியில் நின்று எண்ணினோம். அவள் தம்பியிடம் ஏதோ சொல்லக் கத்தினாள். அவன் காதில் கை வைத்தான். மறுபடி கத்தினாள். அவன், "டீயா? ரெண்டு பேருக்கா?" என்று விரலைக் காட்டினான். மெஷின் சத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றும் எட்டவில்லை. போன் அடித்தால் எடுத்தும் பயனில்லை.

நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். அவர் பதிலுக்குத் தூக்கினார். அவ்வளவுதான், பேச்சு ஆரம்பமாகிவிட்டது. டிரான்ஸ்பார்மர் வரைக்கும் உங்கள் கணக்கு, இந்தப் பக்கம் எங்கள் கணக்கு. அங்கே எத்தனை? மூடிய கையைத் திறந்தால் பத்து, விரலைக் காட்டினால் ஒற்றை. திறந்து திறந்து காட்டினார். அப்புறம் மீசையை முறுக்கி மேலே காட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். வல்லூறு ஒன்று தண்ணீர் டேங்க்மேல் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சந்துக்கு வெளியே டீக்கடைக்கு வந்ததும்தான் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. "என்னங்க்கா அது? ரெண்டு பேரும் என்ன பேசிக்கறீங்க?"

இதில் சொல்ல என்ன இருக்கிறது? நிட்டிங்கில் நிற்கிற எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள். எந்த ஷெட்டில் எவன் ஆரம்பித்தான் என்று யாருக்கும் தெரியாது. பல்லைத் தொட்டால் வெள்ளை நூல், முடியைத் தொட்டால் கறுப்பு நூல். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெஷினை நிறுத்து, மேலே தூக்கினால் ஓட்டு. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், ஜாக்கிரதை. கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டிலும் பாதிப் பேச்சு அதுதான். சண்டைகூட அதில் போடுவோம். அதில் அவர்தான் எப்போதும் ஜெயிப்பார்.

"அப்ப மீசைன்னா பருந்தாங்க்கா?"

"வேற யாரு மேல இருந்து வந்து எல்லாரையும் கதிகலங்க வெக்கறது?"

அவள் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. பிறகு சட்டென்று டீ கிளாஸைக் கீழே வைத்தாள். காங்கேயத்தில் தங்களுக்கு என்ன தகராறு என்று விவரமாகச் சொன்னாள். பூனைப் பருந்துகள் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, பகலெல்லாம் எங்கெங்கோ இரை தேடிவிட்டு, இருட்டுகிற நேரத்துக்கு ஒரே கொறங்காட்டில், மாடு மேய்வதற்கென்று வேலி போட்டு விட்ட புல்வெளியில், இறங்கிப் படுத்துக்கொள்ளும். காடு பெரியது. ஒரு முனையில் நின்றால் மறு முனையில் இறங்குவது தெரியாது. இரண்டு முனையிலும் ஆள் நின்றால், கிழக்கே வந்த பருந்து தாழப் பறந்து மேற்கே போய் இறங்கும், இரண்டு பேரும் அதையே எண்ணிவிடுவார்கள். கத்தக் கூடாது, போனுக்கு டவர் கிடையாது, டார்ச் அடித்தால் எழுந்துவிடும். போன தடவை இரண்டு முனைக்காரர்களும் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டு, கடைசியில் அந்தக் காட்டையே விட்டுவிட்டார்களாம்.

"அண்ணா அங்க மேற்கு முனையில நிப்பாருங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"என்னையக் கேக்காத கண்ணு. அவரையே கேளு."

அவள் அவர் எதிரில் போய் நின்று, வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள். அவர் பையைத் திறந்து பைனாகுலரை உறையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ சூடு என்று சமாளித்தேன்.

காங்கேயம் போகிற வழியில் வாய்க்கால் ஓரம் நெல் வயலில் எண்ணினோம், தென்னந்தோப்பில் எண்ணினோம். கொக்கு, அரிவாள் மூக்கன், பனங்காடை, செண்பகம் என்று பட்டியல் நீண்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நடந்தேன். வேனுக்குள் அவர் வாத்தியார், மற்ற இருவரும் மாணவர்கள். சாம்பல் வெள்ளையாக இருக்கும் ஆண் பருந்துக்குப் பல்லைத் தொட வேண்டும், பழுப்பு நிறப் பெண் பருந்துக்கு முடியைத் தொட வேண்டும். இறங்கினால் அமுக்கு, எழுந்தால் தூக்கு. நெஞ்சைத் தொட்டால் அது என் கணக்கு, எதிராளியைக் காட்டினால் உன் கணக்கு. "ஷிப்ட் முடியறப்போ என்ன பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாள். நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, விரித்த கையை அவள் பக்கம் நீட்டினார். என் வேலை முடிந்தது, மெஷின் இனி உன்னுடையது.

கொறங்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே முழங்கால் உயரப் புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். மாடுகளைப் பட்டிக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். தோட்டத்துக்காரர் முன்பே சம்மதம் சொல்லியிருந்ததால் படலைத் திறந்து உள்ளே போனோம். எங்கள் வீட்டுக்காரரும் தம்பியும் மேற்கு முனையில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நானும் அவளும் கிழக்கே வேலி ஓரம். எனக்குக் கழுத்தில் அவள் கொடுத்த பைனாகுலர். பருந்தைப் பார்ப்பது அவள் வேலை, அவரைப் பார்ப்பது என் வேலை. அது எனக்குப் புது வேலையா என்ன?

முதல் பருந்து வந்தது. சிறகை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, புல் நுனியை உரசுகிற மாதிரி, சத்தமே இல்லாமல். அவர் மீசை முறுக்கினார், முடியைத் தொட்டார், எங்கள் பக்கம் காட்டினார். நாங்கள் பார்த்தோம், இறங்கியது. நான் கையை அமுக்கி நெஞ்சைத் தொட்டேன். அவள் குறித்துக்கொண்டாள். அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்று எங்கள் பக்கம் இறங்கி, மறுபடி எழுந்து அவர் பக்கம் போனது. நான் தூக்கிக் காட்டினேன். அவர் அமுக்கி, தன் நெஞ்சைத் தொட்டார். அவள் நோட்டில் ஒன்றை அடித்துவிட்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தாள். போன தடவை சண்டை வந்தது இந்த மாதிரி ஒரு பருந்தால்தான்.

சூரியன் போய்விட்டது, வெளிச்சம் மட்டும் இருந்தது. அப்போது பார்த்தேன். அவருக்குப் பின்னால், வேலியைத் தாண்டி, தாழ்வாக, ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது. ஒன்று இரண்டல்ல. அந்தத் தூரத்தில் எங்களுக்கு அது வெறும் அசைவுதான். எது வெள்ளை, எது பழுப்பு, எத்தனை என்று அவர் பார்த்தால்தான் உண்டு. அவரோ எங்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். தம்பியோ குனிந்து அந்த முனைக் கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான். நான் கையை ஆட்டுவதற்குள் அவர் ஒரு வெள்வேல மரத்தின் பக்கம் பைனாகுலரைத் திருப்பிவிட்டார்.

காலையில் நடந்தது அப்படியே மறுபடியும். கத்தினால் தம்பி காதில் விழும், அவரைத் தொட்டுத் திருப்பிவிடுவான். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "ஏனுங்க" என்ற சொல் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்தேன். அட சாமி, திரும்பு, திரும்பு, திரும்பித் தொலை!

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நிட்டிங்காரன் எந்த மெஷினுக்கும் ரொம்ப நேரம் முதுகைக் காட்டமாட்டான். ஒன்றில் நூல் அறுந்து சரி பண்ணிக்கொண்டிருந்தாலும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தலையைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவான். ரோட்டில் நடக்கும்போதும் அவர் அப்படித்தான் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். யாரைத் தேடுகிறீர்கள் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

திரும்பினார். யாரும் கூப்பிடாமல், தானாக. பைனாகுலர் ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு கை எழுந்தது. மீசை. பல், முடி, முடி, பல், முடி. கை விரிந்து மூடியது. விரல்கள். அமுக்கு, அமுக்கு, தன் நெஞ்சு. ஒன்று எங்கள் பக்கம் வருகிறது, பிடித்துக்கொள். பிடித்தோம். அவர் கை அத்தனை வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. நான் படிக்க, அவள் எழுத, பேனா ஓடியது. அந்தக் காட்டில் அந்த நேரத்தில் அதிகம் பேசியவர் எங்கள் வீட்டுக்காரர்தான். ஒரு வார்த்தை விடாமல் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கண் தெரியாமல் இருட்டியதும் ஓசைப்படாமல் நடந்து, ரோட்டில் நின்ற வேனுக்கு வந்தோம். உள் விளக்கைப் போட்டு இரண்டு முனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வந்தவை, எழுந்தவை, முனை மாறியவை எல்லாம் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. எண்ணிக்கை எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன், அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. உங்கள் கைவிரல், கால்விரல் எல்லாம் சேர்த்தாலும் பற்றாது என்பதை மட்டும் சொல்கிறேன். "எக்கா, இவ்ளோ நேரம் நான் பேசாம இருந்தது எங்க அம்மைக்குத் தெரிஞ்சா கோயிலுக்குப் பொங்கல் வெப்பாவ" என்று தம்பி ஆரம்பித்தான். அவனை அதற்குமேல் நிறுத்த முடியவில்லை.

நான் மார்தட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போய் அவர் எதிரில், விளக்கு வெளிச்சம் தன்மேல் விழுகிற மாதிரி நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். விரித்த கையை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் சட்டென்று என்னைப் பார்த்தார், தான் படித்தது சரிதானா என்று. அந்தக் காடு இனி உங்கள் பொறுப்பு என்கிறாள் என்று தலையாட்டினேன். எழவு வீட்டிலிருந்து வந்த நாளுக்கப்புறம், ஒருவர் சொன்னது தனக்குச் சரியாகப் புரிந்துவிட்டது என்ற தைரியம் அந்த முகத்தில் அன்றைக்குத்தான் வந்தது. நிமிர்ந்து நின்றார். மீசையை முறுக்கினார்.

நான் பழக்க தோஷத்தில் மேலே பார்த்தேன். வானத்தில் ஒரு பறவையும் இல்லை.